தடுக்கப்பட்ட பறை, திணிக்கப்பட்ட பறை

 

மறைந்த தோழரை நினைவுகூரும் பேருரையில் இசைவிழாக்களைப் பற்றி, அதிலும் அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ் விழாக்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், பொருத்தமாக இருக்குமா என்று சிலர் கேட்டார்கள். சாவு வீட்டில்தான் முதன்முதலாக இசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தப் பொருத்தத்தை நம்மைவிட வேறு யார் அறிவார்கள்? ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் அதே கதைதான். அங்கே கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இறந்தால் பித்தளைக் குழல்களும் முரசுகளுமாக இசைக்குழு சவ ஊர்வலத்தோடு நடக்கும். போகும்போது மெதுவான துயர இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம்போட வைக்கும் துள்ளிசை. தெருவில் நிற்பவர்களும் பின்னால் சேர்ந்து ஆடிக்கொண்டு போவார்கள். கல்யாணச் சாவுக்கு நம் ஊரில் அடிக்கிற அடியைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1967 ஜூலையில் ஜான் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்தார். நியூயார்க்கில் ஒரு லூத்தரன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆல்பர்ட் ஐலரின் குழுவும் ஆர்னெட் கோல்மனின் குழுவும் வாசித்தன. இருவருமே அன்றைய நாளில் 'இது இசையே இல்லை, கூச்சல்' என்று பத்திரிகைகளில் திட்டு வாங்கியவர்கள். அந்தக் கூச்சலைக் கொண்டுதான் தங்கள் தலைமகனை வழியனுப்பினார்கள். கூச்சல், இரைச்சல், சத்தம் ஆகிய சொற்களை யார் யாருடைய இசைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பாதி.

நாம் கூடியிருக்கும் இடம் அழகர்மலை அடிவாரம். இங்கிருந்தே தொடங்குவோம். சித்திரை முழுநிலவுக்கு முன் அழகர் கள்ளர் வேடத்தில் கண்டாங்கி உடுத்திப் பல்லக்கில் கிளம்புகிறார். கிளம்பும் முன் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் மூடிய கதவுக்கு முன்னால், சந்தனம் பூசிய அந்தக் கதவே தெய்வமாக நிற்கும் இடத்தில், அவர் அணிந்துபோகும் நகைகளின் பட்டியலை வாசிப்பார்கள். எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்பதற்குக் கருப்பன் சாட்சி. பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஊர்வலம். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் இரவு, விடிந்தால் தங்கக் குதிரையில் வைகை. பிறகு வண்டியூர், இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு நேரம் தவறி வந்த அண்ணன் என்ற கதை எந்தப் புராணத்திலும் இல்லை, அது மக்கள் கட்டியது என்பதைத் தொ. பரமசிவன் தம் 'அழகர்கோயில்' ஆய்வில் எடுத்துக்காட்டினார். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் அது. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று எந்தெந்தச் சாதியார் இந்தக் கோவிலோடு எந்தெந்த உரிமையில், எந்தெந்த தூரத்தில் நிற்கிறார்கள் என்று கோவிலைச் சமூகமாகப் படித்த முதல் நூல்களில் ஒன்று. சமூகவியல் மாணவர்கள் மேல்நாட்டுக் கோட்பாட்டு நூல்களுக்குப் போகும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பது நம் கருத்து.

நகைக்குப் பட்டியல் உண்டு. மண்டகப்படிக்குப் பட்டியல் உண்டு. யார் முதலில், யார் அடுத்து, யாருக்கு எத்தனை நிமிடம் என்பதற்காக நீதிமன்றம்வரை போனவர்களும் உண்டு. ஆனால் அந்த வழிநெடுக மேளம் அடிப்பவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. கோவிலின் உள்மேளம் நாகசுரமும் தவிலும். வெளியே, கூட்டத்தின் நடுவே, திரி எடுப்பவர்களோடும் தோல்பையில் நீர் பீச்சுபவர்களோடும் வர்ணிப்புப் பாடுபவர்களோடும் கலந்து போகிற மேளங்களுக்குக் கணக்கு வைப்பாரில்லை.

எதிர்சேவை இரவில் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஒருவர் வர்ணிப்பைத் தன் தாளத்தில் இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார். ஐம்பதடி தள்ளி ஓர் உறுமி. அதற்கப்பால் வேறு வேகத்தில் ஒரு மேளம். மண்டகப்படி ஒலிபெருக்கியில் சினிமாப் பக்திப் பாட்டு. 'கோவிந்தா' என்று ஆயிரம் குரல். எதுவும் எதற்கும் கட்டுப்பட்டதில்லை, ஆனாலும் குழப்பமில்லை. நாலடி நகர்ந்தால் எல்லாவற்றின் விகிதமும் மாறி வேறோர் இசையாகிறது. இப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு ஆர்னெட் கோல்மன் அந்நியரல்ல. அவர் 1960 டிசம்பரில் பதிவுசெய்த 'ஃப்ரீ ஜாஸ்' என்ற இசைத்தட்டில் இரண்டு நால்வர் குழுக்கள், ஒன்று இடக்காதுக்கும் ஒன்று வலக்காதுக்குமாக, ஒரே நேரத்தில் முப்பத்தேழு நிமிடம் வாசிக்கின்றன. சுற்றிச் சுற்றி வரும் சுரக்கட்டு எதையும் அவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் தொடங்குகிறார், மற்றவர்கள் அவருக்குப் பதில் சொல்கிறார்கள், மறுக்கிறார்கள், விலகிப் போகிறார்கள், திரும்பி வருகிறார்கள்.

இதை ஒருமுறை நம் வாசிப்பு வட்டத்தில் பறை பழகும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். பத்து நிமிடம் பேசாமல் கேட்ட ஒரு பையன் கேட்டான்: "இதுல அடி மாத்தி விடுறது யாருண்ணே?" ஜாஸைப் பற்றி எழுதிய பல விமர்சகர்கள் கேட்காத கேள்வி இது. பறைக்குழுவில் ஒரு அடியிலிருந்து இன்னொரு அடிக்கு மாறும்போது முன்னத்தி ஆள் கண்ணாலோ குச்சியாலோ ஒரு சைகை தருவார். அந்தச் சைகையை யார் தருவது என்பது இசைக் கேள்வி மட்டுமல்ல, அதிகாரக் கேள்வியும்கூட. கோல்மனின் விடை: யார் வேண்டுமானாலும். 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு பொருள். கட்டற்ற இசை என்பது ஒன்று. விடுதலை என்பது மற்றொன்று. நாடெங்கும் கறுப்பு மாணவர்கள் வெள்ளையர் உணவகங்களில் போய் உட்கார்ந்து எழ மறுத்த ஆண்டு 1960. அதே ஆண்டில் மாக்ஸ் ரோச் என்ற டிரம்ஸ் கலைஞர் விடுதலையைத் தலைப்பிலேயே வைத்து வெளியிட்ட இசைத்தட்டின் அட்டையில் அந்த உணவக மேடைதான் படமாக இருந்தது. அதில் ஆபி லிங்கன் ஓர் இடத்தில் சொற்களை விட்டுவிட்டு வீறிடுகிறார். ரோச்சின் மேளம் மட்டும் உடன் வருகிறது. மாரடித்து ஒப்பாரி வைக்கும் நம் அம்மாக்களையும் சித்திகளையும் கேட்டவர்களுக்கு அந்த வீறிடல் புரிந்துகொள்ளக் கடினமான புதுமையாக இருக்காது.

ஒப்புமை இத்தோடு நிற்கட்டும். அங்கும் ஒடுக்கப்பட்டோர், இங்கும் ஒடுக்கப்பட்டோர், அங்கும் மேளம், இங்கும் மேளம் என்று பேசிக் கைதட்டு வாங்குவது எளிது. வேறுபாடுதான் நமக்குப் பாடம் தருவது.

1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கிய ஆண்டைகள் 1740இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமைகள் மேளம் வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. தோல்மேளம் பறிக்கப்பட்டபோது கறுப்பர்கள் தங்கள் தொடையிலும் மார்பிலும் கைகளால் தட்டித் தாளம் போட்டார்கள். உடம்பே மேளமானது. நியூ ஆர்லியன்ஸில் மட்டும், 1817க்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு திடலில் கூட அனுமதி இருந்தது. காங்கோ சதுக்கம் என்று அதற்குப் பெயர். ஜாஸின் கொடிவழியைத் தேடுபவர்கள் எல்லோரும் அங்கே போய்த்தான் நிற்கிறார்கள்.

அங்கே ஆண்டை மேளத்துக்கு அஞ்சினான். பறித்தான். இங்கே ஆண்டை பறையை நம்மிடமிருந்து பறிக்கவில்லை. நம் கழுத்தில் மாட்டிவிட்டான். சாவுக்கு அடி, சாமி சாட்டுக்கு அடி, ஏலத்துக்கு அடி, அடித்துவிட்டு வாசலுக்கு வெளியே நில். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமான கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. ஒரு காலத்தில் எல்லா நிலத்து மக்களுக்கும் உரிய கருவியாக இருந்தது பின்னால் ஒரு சாதியின் பெயராகி, அந்தப் பெயர் ஆங்கில அகராதியில் 'தள்ளப்பட்டவர்' என்ற பொருளில் ஏறிவிட்டது. ஆகவே அங்கே மேளத்தைக் கையில் எடுப்பது கலகம். இங்கே கையிலிருந்து கீழே வைப்பது கலகம். 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மாநாட்டில் இழிவைச் சுமத்தும் ஊர் வேலைகளை விட்டொழியுங்கள், செத்த மாட்டை இழுக்காதீர்கள், தின்னாதீர்கள் என்று பாபாசாகேப் அம்பேத்கர் சொன்னார். தமிழகத்துச் சேரிகளில் அந்தக் குரல் வந்து சேர்ந்தபோது பறையை உடைத்தவர்கள், எரித்தவர்கள், கிணற்றில் போட்டவர்கள் உண்டு. இனி அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அவர்களிடம் போய்ப் பறையின் தொன்மையையும் பெருமையையும் விளக்குகிறவர்களைக் கண்டால் நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கலை என்று பெயர் மாற்றினால் வேலை மாறிவிடாது.

அப்படியானால் பறையை மீட்டெடுத்தவர்கள் செய்தது என்ன? மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில்தான் 1990களில் நம்மில் பலர் பறையைச் சாவும் சாமியும் இல்லாத ஒரு மேடையில் முதன்முதலாகக் கேட்டோம். அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று நாம் அழைத்தவர், ஒரு கருத்தில் விடாப்பிடியாக இருந்தார். நாட்டார் இசை கையில் எடுத்தவர் மாற்றிக்கொள்ளக் கூடியது. அதுதான் அதன் வலிமை. எழுதிவைத்த சுரத்தைப் பிசகாமல் பாடு என்று கட்டாயப்படுத்தும் இசை, எழுதியவனுக்கு அடிமை. பாடுகிறவர் ஊருக்கேற்ப, பாட்டுக்கேற்ப மாற்றலாம் என்கிற இசையே விடுதலைக்கு உதவும். ஜாஸ்காரர்கள் உடனடிக் கற்பனை என்று கொண்டாடுவதை அவர் இறையியலாகவே பேசினார். அவருடைய இசையை ஆராய்ந்து 2014இல் நூல் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் ஸோயி ஷெரினியன் தாமே ஒரு தாளக் கலைஞர், ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர், பறையும் கற்றுக்கொண்டவர். பறைக் கலைஞர்களைப் பற்றி அவர் ஆவணப்படமும் எடுத்தார். ஜாஸ் வாசிக்கும் கையும் பறை அடிக்கும் கையும் ஓர் உடம்பில் சந்தித்த நேர்வு, நாம் அறிந்தவரை, மதுரையைச் சுற்றித்தான் நடந்தது. எந்த இசைவிழா மலரிலும் இது இடம்பெறவில்லை என்பதில் நமக்கு வியப்பில்லை.

ஏனென்றால் ஜாஸ் இந்தியாவுக்குள் வந்த வாசல் வேறு. 1930களில் மும்பையின் தாஜ்மகால் ஓட்டலில் அமெரிக்கக் கறுப்புக் கலைஞர்கள் வாசித்தார்கள். சொந்த நாட்டில் நிறத்தின் பெயரால் தடுக்கப்பட்டவர்கள், இங்கே வெள்ளைத் துரைகளும் மகாராஜாக்களும் நடனமாட வாசித்தார்கள். டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோ கலைஞர் ஊர் திரும்பாமலே 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார். 1978இல் நிரஞ்சன் ஜாவேரியும் நண்பர்களும் மும்பையில் 'ஜாஸ் யாத்ரா' விழாவைத் தொடங்கியபோது சோனி ராலின்ஸ் வந்து வாசித்தார். தமிழகத்தை ஜாஸ் சந்தித்தது வயலினிலும் கடத்திலும் மிருதங்கத்திலும். 1970களின் நடுவில் ஜான் மெக்லாஃப்லின் அமைத்த சக்தி குழுவில் எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் இருந்தார்கள். அருமையான இசை, அதில் ஐயமில்லை. ஆனால் கறுப்பர்களின் தெருவிலிருந்து கிளம்பிய இசை, தமிழ்நாட்டுக்கு வந்து தட்டிய கதவு சபாவின் கதவு. பக்கத்துத் தெருவில் தன் உடன்பிறப்பு இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அந்த மிருதங்கத்துக்குத் தோல் பதமிட்டு வார் பிடித்தவர்கள் பலர் தலித்துகள் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று தனி நூலாக எழுதும்வரை, சபா ரசிகர்களுக்கு அது பேச வேண்டிய செய்தியாகவே தோன்றவில்லை.

திருப்பாவையில் ஆயர்பாடிப் பெண்கள் நாராயணனிடம் பறை கேட்கிறார்கள். ஆண்டாள் மாலிருஞ்சோலை அழகனுக்கு நூறு தடா வெண்ணெயும் அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவள், இந்த மலையைப் பாடியவள். மார்கழி விடியலில் இந்தக் கோவில்களில் பறை என்ற சொல் நாள்தோறும் ஒலிக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பேறு, கைங்கரியம் என்றெல்லாம் வியாக்கியானம் உண்டு. சொல்லை உள்ளே விட்டுவிட்டுக் கருவியை வெளியே நிறுத்த வியாக்கியானம்போல வசதியானது வேறில்லை. (தோசைப் பிரசாதத்தை மட்டும் எல்லோரும் வாங்கித் தின்னலாம்.)

இனி விழாக்களுக்கு வருவோம். 1954இல் தொடங்கிய நியூபோர்ட் ஜாஸ் விழா அமெரிக்காவின் பணக்காரக் கோடைவாசத் தலத்தில் நடப்பது. 1960இல் சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் அதற்கு எதிராகக் கிளம்பினார்கள். பெரும் பணம் வெள்ளை நட்சத்திரங்களுக்கும் கேளிக்கைக்கும் போகிறது, இசையை உண்டாக்கியவர்களுக்குச் சில்லறை கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். அதே ஊரில், அதே நாட்களில், கடலோர விடுதி ஒன்றின் திறந்த வெளியில் எதிர்விழா நடத்தினார்கள். கலைஞர்களே வேலி கட்டினார்கள், நாற்காலி போட்டார்கள், நுழைவுச்சீட்டு விற்றார்கள். மிங்கஸ் கூட்டத்துக்குள் போய்ப் பணம் தண்டினார். மூத்தவரான கோல்மன் ஹாக்கின்ஸும் இளையவரான ஆர்னெட் கோல்மனும் அங்கே வாசித்தார்கள். பெரிய விழாவிலோ குடித்துவிட்டு வந்த வெள்ளை மாணவர்கள் கலவரம் செய்து, கண்ணீர்ப்புகை வீசி, விழா பாதியில் நின்றது. 'ஒழுங்கு' யாரிடம் இருந்தது என்று வரலாறு குறித்துக்கொண்டது.

1964 அக்டோபரில் பில் டிக்சன் நியூயார்க்கின் ஒரு சிறிய காப்பிக்கடையில் நான்கு நாள் விழா நடத்தினார். கிளப்புகள் கதவடைத்த கட்டற்ற இசைக்காரர்களுக்கு அது மேடையானது. 1965 மே மாதத்தில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் மூகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் தோழர்களும் கலைஞர்கள் சங்கம் ஒன்றைக் கட்டினார்கள். சுருக்கமாக ஏஏசிஎம். அதன் முதல் விதி: எங்கள் கச்சேரியில் எங்கள் சொந்தப் படைப்பையே வாசிப்போம். சாராயக் கடையில் கிளாஸ் சத்தத்துக்குப் பின்னணியாக வாசித்துக் களைத்தவர்கள், எங்கள் இசையை உட்கார்ந்து கேளுங்கள் என்றார்கள். பிள்ளைகளுக்கு இலவசமாக இசைப் பள்ளியும் நடத்தினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. கலைஞர் சங்கம் ஒன்று அறுபது ஆண்டு நிற்பது சிறிய செய்தியல்ல. நம் சங்கங்களின் ஆயுளை நாம் அறிவோம்.

1969 ஜூலையில் அல்ஜியர்ஸில் அனைத்து ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழா நடந்தது. கருஞ்சிறுத்தைகள் அங்கே அலுவலகம் திறந்தார்கள். ஆர்ச்சி ஷெப் தம் சாக்ஸபோனோடு பாலைவனத்துத் துவாரெக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். ஒத்திகை இல்லை, பொதுமொழி இல்லை, கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்தச் சிறுத்தையின் பெயரை நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் மும்பைச் சேரியில் ஏற்றார்கள். 1982இல் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். அரசியலில் அந்தப் பெயர் வழிதவறாமல் மேலூர்ச் சாலைவரை வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1946இல், ஐ.நா. அவைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டு அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் வந்தது, கொள்கை வந்தது, கொடி வந்தது. இசை மட்டும் வரவில்லை. கறுப்பர் போராட்டத்தைப் பற்றி நம் வெளியீடுகள் அச்சிட்ட பக்கங்கள் எத்தனையோ. கோல்ட்ரேனைப் பற்றி ஒரு பக்கம் தேடினால் கிடைப்பது அரிது. 1963இல் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்புச் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு அவர் 'அலபாமா' என்றொரு துயர இசையைச் சொல்லே இல்லாமல் வாசித்தார். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்ட பிறகு நாம் எழுதிய பாடல்கள் பல, முழக்கங்கள் பல. சொல்லில்லாத ஓர் அரைமணி நேரப் பறையை அவர்களுக்காக நாம் யாரும் உருவாக்கவில்லை. சொல்லை நம்பும் இயக்கம் நாம். நம்பத்தான் வேண்டும், எழுத்து மறுக்கப்பட்டவர்கள் என்பதால். ஆனாலும் சொல் எட்டாத துயரத்துக்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு மொழி இருந்தது.

மார்கழிக்கு மறுபடியும் வருவோம். 1927இல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமியும் டிசம்பர் சபாப் பருவமும் வளர்ந்தன. அதற்கு எதிர்விழா தோன்ற 90 ஆண்டுக்கு மேல் ஆனது. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சிந்தனையிலிருந்து பெயரெடுத்த குழு. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. 2021இல் அது மதுரைக்கும் வந்தது. நியூபோர்ட் எதிர்விழாவின் நேர்வாரிசு என்று இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை: அதே மாதம், அதே நகரம், வேறு கேட்போர். கானா, ஒப்பாரி, பறை எல்லாவற்றுக்கும் நல்ல ஒலியமைப்பும் விளக்கும் கிடைத்தன. கலைஞரின் பெயர் பதாகையில் ஏறியது. 2025இல் வாடிவாசலுக்குப் பெயர்போன அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. அவருடைய சமர் கலைக்குழு ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்து வந்ததை அறிந்தவர்களுக்கு அது தாமதமாக வந்த மரியாதை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்து ஆடியபோது, ஆண்களின் சாவுமேளம் என்ற கட்டு இன்னொரு பக்கம் உடைந்தது. இதை இன்னும் விரிவாகப் பேச வேண்டும். அதை அந்தப் பெண்களில் ஒருவர் வந்து பேசுவதுதான் முறை.

நமக்குள் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் மாநாடுகளில் பறை எத்தனை நிமிடம்? தலைவர் வரும்வரை. தலைவர் காரிலிருந்து இறங்கியதும் உச்சத்துக்குப் போகும். அவர் மேடை ஏறியதும், 'போதும் தோழர், நிறுத்துங்க' என்று ஒருவர் கையைக் காட்டுவார். வைக்கோல் கொளுத்திப் பதமாகக் காய்ச்சிய தோல், குளிர்ந்து தொய்வதற்குள் ஒரு முழு ஆட்டத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒத்தையடி, மருளடி, சப்பரத்தடி, வாழ்த்தடி என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரியும் ஒரு கட்டுமானம், கூட்டத்தைக் கூட்டும் மணியாகச் சுருங்கிவிடுகிறது. ஊர்த்தெருவில் சாமி வருகிறது என்று அறிவித்த அதே வேலையை இங்கே தலைவர் வருகிறார் என்று செய்யச் சொல்கிறோம். சிகாகோக்காரர்கள் எதிர்த்தது சாராயக் கடை முதலாளியை. நம் நேர்வில் எதிர்க்க வேண்டியவர்கள் மேடையில் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மறுவாதமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. உட்கார்ந்து கேட்கும் கலையாக மாறிய கட்டற்ற ஜாஸுக்கு என்ன ஆயிற்று? கறுப்புத் தொழிலாளி மெல்ல விலகிப் போனார். அவர் ஆடக்கூடிய சோல் இசைக்கும் ஆர் அண்ட் பி பாட்டுக்கும் போனார். கட்டற்ற ஜாஸின் கேட்போரில் படித்த வெள்ளையர்களே மிகுந்தார்கள். அல்லாதவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். இதை முன்னுணர்ந்த அமிரி பராகா 1965 கோடையில் ஹார்லெம் தெருக்களுக்கே இந்த இசையைக் கொண்டுபோனார். சன் ரா வாசித்தார், ஐலர் வாசித்தார். மக்கள் நின்று கேட்டார்கள். பணம் தீர்ந்தது, உட்பகை வந்தது, பள்ளி நீடிக்கவில்லை. பறையை அரங்கத்துக்குள் கொண்டுபோய் விளக்கணைத்து அமைதியாகக் கேளுங்கள் என்றால், சேரியில் ஆடிக்கொண்டே கேட்ட நம் ஆட்கள் வெளியே நின்று, உள்ளே நகரத்து ரசிகர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் நாள் வராதா? வரலாம். நுழைவுக் கட்டணம் இல்லாமல் திறந்த வெளியில் நடத்துவது அந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆடுகிறவரை உட்காரச் சொல்லாமலிருப்பது இன்னும் கொஞ்சம் குறைக்கும். கேட்பது என்றால் கைகட்டி உட்காருவதுதான் என்பதும் சபா சொல்லிக்கொடுத்த பழக்கம்தானே.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. இனி அடிக்கமாட்டோம் என்று பறையை இறக்கிவைத்த பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பேரன் மேடையில் பறையோடு நிற்பதைப் பார்த்து எழுந்துபோனவர்களை நாம் அறிவோம். அவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் இறக்கிவைத்ததால்தான் பேரனுக்கு அது விருப்பமாகக் கிடைத்தது. கட்டாயமாகவே தொடர்ந்திருந்தால் அதை அவன் கலையாகப் பார்த்திருக்க வழியே இல்லை. தடுக்கப்பட்ட மேளத்தை எடுத்தவர்களின் வரலாறு இந்த இடத்தில் நமக்கு முழுதாக உதவாது. அங்கே கிழவர்களுக்கும் பேரன்களுக்கும் நடுவே இந்தச் சுவர் இல்லை.

ஆகவே மன்றத்தின் முன் ஒரு முன்மொழிவை வைக்கிறோம். வருகிற ஆண்டு இதே நினைவு நாளில் பேச்சு வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஒன்றரை மணிநேரப் பறை. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்து இரண்டு குழுக்கள், எதிரெதிரே. யார் அடி மாற்றுவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். அழைப்பிதழில் ஒவ்வொருவர் பெயரும் சிறப்பு விருந்தினர் பெயருக்கு உரிய எழுத்தளவில் அச்சாக வேண்டும். பேசிய தொகையை நிகழ்ச்சிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தோல் காய்ச்சத் தீ மூட்ட இடம் தராத மண்டபம் நமக்கு வேண்டாம். அப்பன்திருப்பதிக்கு இப்பால் அறுவடை முடிந்த வயல் கிடைக்கும். பறையை இறக்கிவைத்த பெரியவர்கள் இருவரையோ மூவரையோ முன்கூட்டியே போய்ப் பார்த்து, வருகிறீர்களா என்று கேட்க வேண்டும். வரமாட்டோம் என்றால் ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி, அன்று வருகிறவர்கள் கையில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.